மரபு, மாற்றம், திருத்தம்: மரபணு மாற்ற உணவு குறித்த விவாதமும் தமிழ்க் கலைச்சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்

மரபணு மாற்றப் பயிர்களும் கால்நடைகளும் உணவாவது குறித்த விவாதம் தமிழ்நாட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெற்று வருகிறது. அவ்விவாதத்தில் வழங்கும் தமிழ்ச் சொற்கள் பொருளை எவ்விடத்தில் விளக்கின, எவ்விடத்தில் மயக்கின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கலப்பு, அயல்மரபணுப் புகுத்தல், மரபணுத் திருத்தம் ஆகிய மூன்றும் தம்முள் வேறுபட்ட செயல்கள். பொதுவழக்கில் இவை மூன்றும் ‘மரபணு மாற்றம்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. சட்டமோ இன்று இவற்றை வெவ்வேறாக நடத்துகிறது. இவ்வேறுபாட்டைத் தமிழில் சொல்ல இயலாத நிலை, உண்போரும் உழுவோரும் முடிவெடுப்பதில் பங்குகொள்ளும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மரபியல், மரபணு மாற்றம், பி.டி. கத்தரி, மரபணுத் திருத்தம், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

தமிழ்த்துறை வகுப்பறையில் ‘மரபியல்’ என்றால் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல். வேளாண் பல்கலைக்கழக வகுப்பறையில் அதே சொல், பண்புகள் தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் முறையை ஆராயும் அறிவியல் துறை. ஒரு சொல் இரு துறைகளில் இவ்வாறு வழங்குவது புதிதன்று. ஆயினும் இச்சொல்லின் அடியாகப் பிறந்த ‘மரபணு’, ‘மரபணு மாற்றம்’, ‘மரபு விதை’ ஆகியன ஆய்வுக்கூடத்தைக் கடந்து உழவர் கூட்டங்களுக்கும் நீதிமன்றச் செய்திகளுக்கும் கடைவீதிக்கும் வந்துவிட்டன. அங்கு அவை வெறும் கலைச்சொற்களாக நிற்பதில்லை. ஒரு தரப்பை ஏற்கவோ மறுக்கவோ செய்யும் சொற்களாக இயங்குகின்றன.

மரபணு மாற்ற உணவு நல்லதா தீயதா என்று தீர்ப்பளிப்பது தமிழாய்வின் வேலையன்று. அத்தீர்ப்பை அடையும் வழியில் மொழி எங்கே இடறுகிறது என்று காட்டுவது தமிழாய்வின் வேலை. அதனை வேறு துறையினர் செய்யப்போவதில்லை.

மரபியல்: இலக்கணத்திலிருந்து அறிவியலுக்கு

தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் வரையறுக்கிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப் பெயர்கள் ஒன்பது. எவ்வுயிர்க்கு எப்பெயர் உரியது என்பதே அங்குப் பேச்சு. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுப்பதும், புறத்தே வன்மை உடையதைப் புல்லென்றும் அகத்தே வன்மை உடையதை மரமென்றும் பிரிப்பதும் அவ்வியலில் உள்ளன. மரபு என்பது அங்குச் சான்றோர் வழங்கிவந்த சொல்வழக்கு. அது பிறழின் பொருளும் வேறாகிவிடும் என்பது அவ்வியலின் நிலைப்பாடு. உயிரின் உடலுக்குள் இருந்து இறங்கிவரும் ஒன்று என்னும் பொருள் அங்கில்லை.

அறிவியல் தமிழ் இச்சொல்லை எடுத்தாண்டபோது, வழிவழியாக வருவது என்னும் பொதுப்பொருளைக் கொண்டது. ‘மரபு’ என்பதனோடு ‘அணு’ சேர்ந்து ‘மரபணு’ ஆயிற்று. உயிரணு, விந்தணு என்பனவற்றில் போல இங்கும் ‘அணு’ மிகச் சிறியது என்னும் பொருளையே தருகிறது. இது குறையற்ற ஆக்கம். நெடிது நிலைத்துவிட்ட ஆக்கமும் ஆகும். எனினும் இச்சொல் அறிவியலார் எண்ணாத ஒரு விளைவையும் உடன்கொண்டு வந்தது. தமிழில் ‘மரபு’ என்பது பண்பாட்டுச் சொல். மரபிலக்கணம், மரபுக்கவிதை, மரபுக்கலை என வழங்கும் நாவுக்கு ‘மரபணு மாற்றம்’ என்பது ஒரு வேதிச்செயலின் பெயராக மட்டும் ஒலிப்பதில்லை. மரபையே மாற்றுதல் என்றும் ஒலிக்கிறது. பிறமொழியில் இவ்வெதிரொலி இல்லை. தமிழ் விவாதத்தின் தனித்தன்மைகளுள் ஒன்று இங்கிருந்தே தொடங்குகிறது.

ஈழத்துக் கலைச்சொல் மரபு வேறுவழியில் சென்றது. இலங்கைப் பாடநூல்களில் இத்துறை ‘பிறப்புரிமையியல்’ எனவும், மரபணு ‘பரம்பரையலகு’ எனவும் வழங்குகின்றன. அங்கே மேலோங்கி நிற்பது வழக்கன்று; பிறப்பால் வரும் உரிமை. ஒரே கருத்துக்குத் தமிழகம் பண்பாட்டுச் சொல்லையும் ஈழம் உடைமைச் சொல்லையும் தேர்ந்தன. விதைக்கு உரியவர் யார் என்பதே விவாதத்தின் பாதியாக இருக்கும்போது, ஈழத்துச் சொல்லாட்சி தமிழகத்து ஆய்வாளரின் கவனத்தைப் பெறாமற் போனது வியப்பே.

மூன்று செயல்கள்

சொற்களை எடைபோடுமுன் அவை குறிக்கும் செயல்களைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது கலப்பு. ஓரினத்தைச் சேர்ந்த, அல்லது நெருங்கிய இனங்களைச் சேர்ந்த இரு செடிகளின் மகரந்தத்தைச் சேர்த்துப் புதிய வகையைப் பெறுதல் இது. இங்கு ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஒருங்கே கலக்கின்றன. எது எதனோடு சேரும் என்பது பெரும்பாலும் தற்செயல். 1986இல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி இவ்வகையினது. அதன் மூதாதையருள் ஒன்று தைவானின் தைச்சுங் 65. மற்றொன்று மலேசியாவின் மயாங் ஏபோசு 80. கடல் கடந்து வந்த இக்கலப்புக்குக் காவிரியின் பெயர் சூட்டப்பட்டது. இன்று பொன்னியை அயல் அரிசி என்று எவரும் கருதுவதில்லை. ஒரு விதையை மரபாக்குவதில் பெயருக்குள்ள பங்கினை இது காட்டும்.

இரண்டாவது அயல்மரபணுப் புகுத்தல். இயல்பாகக் கலக்க இயலாத வேறோர் உயிரிலிருந்து குறிப்பிட்ட மரபணுவை எடுத்துப் பயிரின் டி.என்.ஏ.வில் சேர்த்தல். பி.டி. பருத்தியில் உள்ள ‘பி.டி.’ என்பது பேசில்லசு துரிஞ்சியென்சிசு என்னும் மண்வாழ் நுண்ணுயிரின் பெயர்ச்சுருக்கம். அதன் மரபணுவைப் பெற்ற செடி ஒருவகைப் புரதத்தைத் தானே உண்டாக்குகிறது. அப்புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் செயற்பட்டுக் குடற்சுவரைத் துளைக்கிறது. மனிதர் வயிற்றின் அமிலத்தில் அது சிதைந்துவிடும் என்பது ஆதரிப்போர் வாதம். சோதனைகளை விதை நிறுவனமே நடத்தியது, அவை நீண்டகால விளைவை அளக்கவில்லை, மகரந்தம் வழியே மரபணு பிற வகைகளுக்குப் பரவும் என்பன மறுப்போர் வாதங்கள்.

மூன்றாவது மரபணுத் திருத்தம். கிரிசுபர்–காசு 9 என்னும் கருவி 2012இல் அறிமுகமாயிற்று. அதற்காக இம்மானுவேல் சார்பென்டியர், ஜெனிபர் டவுட்னா ஆகிய இருவருக்கும் 2020ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பயிரின் டி.என்.ஏ.வில் குறித்த இடத்தில் வெட்டுண்டாக்கி, அவ்வெட்டைச் செல் தானே ஒட்டிக்கொள்ளும்போது நேரும் சிறு மாற்றத்தைப் பயன்படுத்துதல் இதன் எளிய வகை. இறுதி வித்தில் அயல்மரபணு எஞ்சாமல் நீக்கிவிடலாம்.

சுவடிப்பதிப்பில் பயின்றவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். வேறொரு நூலின் செய்யுளை இடையே நுழைப்பது இடைச்செருகல். இருக்கும் பாடத்தில் ஓரெழுத்தை மாற்றுவது பாடத்திருத்தம். முன்னதை அயல்மரபணுப் புகுத்தலுக்கும் பின்னதை மரபணுத் திருத்தத்துக்கும் ஒப்பிடலாம். (மரபியலிலேயே இடைச்செருகல் உண்டு என்று ஆய்வாளர் பலர் கருதுவது தனிக்கதை.) ஆனால் இவ்வொப்புமை ஓரெல்லை வரைதான் செல்லும். பதிப்பாசிரியர் திருத்துவது மூலத்தை மீட்பதற்காக. விதை அறிவியலார் திருத்துவது மூலத்தில் இல்லாததைப் பெறுவதற்காக.

கத்தரி: கேட்கப்படாத மொழி

பழந்தமிழில் வழுதுணை, வழுதலை எனப்பட்ட கத்தரி இந்திய மண்ணுக்குரிய காய். அதனைத் தாக்கும் தண்டு, காய்த்துளைப்பான் புழுவுக்கு எதிராக மகிகோ நிறுவனம் பி.டி. கத்தரியை உருவாக்கியது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அம்மரபணுவைக் கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ஆகிய தன் வகைகளில் சேர்த்தது. இப்பெயர்களில் கோயம்புத்தூரும் மதுரையும் கிள்ளிகுளமும் பாலூரும் சுருங்கிக் கிடக்கின்றன. பி.டி. கத்தரி வெளியிலிருந்து வந்து இறங்கிய பண்டம் என்ற பேச்சு இவ்வளவில் முழுமையற்றது. தமிழ்நாட்டுப் பொது நிறுவனம் ஒன்று அதில் நேரடியாகப் பங்கு கொண்டிருந்தது. அதனாலேயே அதன் தரவுகள் தமிழில் கிடைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் தமிழருக்கு இருந்தது.

2009 அக்டோபர் 14 அன்று மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்தரியை வணிகப் பயிராக்க இசைவளித்தது. எதிர்ப்பு எழவே, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 6 வரை கொல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஐதராபாத், பெங்களூரு ஆகிய 7 நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். பிப்ரவரி 9 அன்று காலவரையறையற்ற நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அறிவியலாரிடையே கருத்தொற்றுமை இன்மையும், கத்தரிக்குப் பிறப்பிடமாகிய நாட்டில் அதன் பன்மை கெடலாம் என்ற அச்சமும் அம்முடிவில் இடம்பெற்றன.

அந்த 7 நகரங்களுள் சென்னை இல்லை. பயிரை உருவாக்குவதில் பங்குகொண்ட கோவையும் இல்லை. தமிழ் உழவர் ஒருவர் தம் கருத்தைச் சொல்ல விரும்பினால் பெங்களூருக்கோ ஐதராபாத்துக்கோ செல்ல வேண்டியிருந்தது. நகரத் தேர்வுக்கு நிருவாகக் காரணங்கள் இருந்திருக்கலாம். விளைவு என்னவெனில், நாட்டின் மிகப்பெரிய உணவு விவாதம் ஒன்றில் தமிழ் ஒரு விசாரணை மொழியாக அமையவே இல்லை. அது மேடை மொழியாகவும் துண்டறிக்கை மொழியாகவும் மட்டும் நின்றது. விசாரணையில் சொல் கேள்விக்கு ஆளாகிக் கூர்மை பெறும். மேடையில் அதற்கு அத்தகைய தேவை நேர்வதில்லை.

இதே ஆண்டில் நிகழ்ந்த பெயர்மாற்றம் ஒன்றும் இங்குக் குறிக்கத்தக்கது. 2010இல் ‘ஒப்புதல் குழு’ என்பது ‘மதிப்பீட்டுக் குழு’ ஆயிற்று. ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் மாறவில்லையாதலால் பலர் இதனைக் கவனிக்கவில்லை. ஆனால் ஒப்புவது வேறு, மதிப்பிடுவது வேறு. முடிவெடுக்கும் அதிகாரம் அமைச்சகத்துக்குச் சென்றதை அந்த ஒரு சொல் உணர்த்துகிறது. தமிழ் ஊடகங்கள் பல நாள் பழைய பெயரையே எழுதிவந்தன. வங்கதேசம் 2013இல் பி.டி. கத்தரிக்கு இசைவளித்து 2014 தொடக்கத்தில் உழவருக்கு நாற்று வழங்கியது. ஒரே காய், எல்லையின் ஒருபுறம் சந்தையிலும் மறுபுறம் தடையிலும் இருக்கிறது. இதற்கிடையில் 2023இல் வேலூர் முள்ளுக்கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

‘மலட்டு விதை’யும் ‘கலப்பு மாடு’ம்

மறுப்பு இயக்கத்தின் தமிழ் வலுவானது. கோ. நம்மாழ்வார் (1938–2013) அரசுப் பணியைத் துறந்து ஊர் ஊராகப் பேசியவர். அவரது பேச்சு உழவரின் சொற்களாலேயே அமைந்தது. திருத்துறைப்பூண்டிப் பகுதியில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் (மறைவு 2018) 150க்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளை மீட்டுப் பரப்பினார். பின்னர் மரபுசார் நெல்வகைகளைக் காக்கும் அரசின் திட்டத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. ‘பாரம்பரிய நெல்’, ‘நாட்டு விதை’, ‘மரபு விதை’ ஆகிய சொற்கள் இவ்வியக்கத்தால் ஊர்தோறும் பரவின. 2006 நவம்பரில் கோவை அருகே சோதனைக்காகப் பயிரிடப்பட்டிருந்த மரபணு மாற்ற நெல்லை உழவர் அமைப்பினர் பிடுங்கி அழித்த நிகழ்ச்சியும் இப்பின்னணியில் நேர்ந்தது.

இச்சொல்வளத்தில் ஒரு சொல் பிழையானது: ‘மலட்டு விதை’. அடுத்த தலைமுறை முளைக்காதவாறு விதையை ஆக்கும் தொழில்நுட்பத்துக்கு 1998இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது உண்மை. ஆனால் அது எந்நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை; இந்தியாவின் 2001ஆம் ஆண்டுப் பயிர்வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் அத்தகைய வகைகளைப் பதிவு செய்வதையே தடுக்கிறது. பி.டி. பருத்தி விதை முளைக்கும். அது பெரும்பாலும் வீரிய ஒட்டு விதையாதலால் அடுத்த தலைமுறையில் பண்புகள் சிதறும். அதனால் உழவர் ஆண்டுதோறும் புதுவிதை வாங்குகிறார். இதற்குக் காரணம் மலட்டுத்தன்மையன்று, கலப்பு. (‘வீரிய ஒட்டு’ என்னும் துறைச்சொல்லும் மயக்கம் தருவதே, ஒட்டுக்கட்டுதலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உழவரோ ‘கம்பெனி விதை’ என்று சொல்லிவிடுகிறார். யாரிடம் வாங்குகிறோம் என்பதையாவது அது நேர்மையாகச் சொல்கிறது.) ‘மலட்டு விதை’ என்னும் சொல் உழவரின் சார்புநிலையை உணர்த்துவதில் வென்றது, அச்சார்புக்கான காரணத்தைச் சுட்டுவதில் தோற்றது. காரணம் தவறாகச் சொல்லப்பட்டால், விதையைச் சேமிக்கவும் பகிரவும் மேற்கூறிய சட்டம் உழவருக்கு அளிக்கும் உரிமையைப் பற்றிய பேச்சும் திசைமாறிவிடுகிறது.

கால்நடையிலும் இதுவே நிகழ்ந்தது. 2017 ஜனவரியில் ஏறுதழுவலுக்காக மெரினாவில் எழுந்த போராட்டத்தின்போது காங்கேயம், உம்பளச்சேரி, புலிக்குளம், பர்கூர் ஆகிய நாட்டினங்களின் பெயர்கள் நகரத்து இளைஞர் நாவிலும் பயின்றன. இது பெரும்பேறு. உடன், ஜெர்சிப் பசு மரபணு மாற்றப்பட்ட விலங்கு என்ற பேச்சும் பரவியது. ஜெர்சி என்பது ஆங்கிலக் கால்வாய்த் தீவொன்றில் தேர்வுமுறையால் உருவான இனம். இங்குள்ளவை செயற்கைக் கருவூட்டலால் வந்த கலப்பினங்கள். அவற்றில் அயல்மரபணு எதுவும் புகுத்தப்படவில்லை. நாட்டினங்களைக் காக்க வலுவான காரணங்கள் உள்ளன. அவற்றுக்கு இப்பிழையின் துணை தேவையில்லை.

மெய்யாகவே மரபணு மாற்றப்பட்டு உணவுக்கு இசைவு பெற்ற விலங்குகள் மிகச் சில. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2015இல் விரைந்து வளரும் சால்மன் மீனுக்கும், 2020இல் இறைச்சி ஒவ்வாமையைத் தூண்டும் சர்க்கரை நீக்கப்பட்ட பன்றிக்கும் இசைவளித்தது. எவ்வுயிர்க்கு எப்பெயர் என்று வகுத்த மரபியல் இவ்வுயிர்களுக்குப் பெயர் வைக்கவில்லை. நாமும் இன்னும் வைக்கவில்லை.

பருத்திக்கொட்டையும் பொட்டலத்தின் முகப்பும்

இந்தியாவில் மரபணு மாற்ற உணவே இல்லை என்பது பரவலான நம்பிக்கை. உணவுப்பயிர் எதுவும் பயிரிட இசைவு பெற்று உழவரின் வயலுக்கு வரவில்லை என்ற அளவில் அது சரி. ஆனால் 2002 மார்ச்சில் இசைவு பெற்ற பி.டி. பருத்தி இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பரவிவிட்டது. பருத்தி நூலுக்கு மட்டும் உரியதன்று. அதன் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கப்படுகிறது. பிண்ணாக்கு கறவை மாட்டுக்குப் போகிறது. மதுரைத் தெருவில் பருத்திப்பாலாகவும் குடிக்கப்படுகிறது. தூய்மிப்பு செய்த எண்ணெயில் புரதமும் டி.என்.ஏ.வும் ஏறத்தாழ எஞ்சுவதில்லை என்பதும் உண்மை. எனவே ‘உணவுப் பயிர்’, ‘உணவல்லாப் பயிர்’ என்னும் பகுப்பு கோப்பில் உள்ள அளவுக்கு அடுக்களையில் தெளிவாக இல்லை.

தீவனத்திலும் இத்தகைய சொல்வழிப் பகுப்பு ஒன்று செயற்பட்டது. 2021 ஆகஸ்டில் கோழித்தீவன விலை உயர்ந்தபோது, எண்ணெய் நீக்கிய மரபணு மாற்றச் சோயாப் பிண்ணாக்கு 12 இலட்சம் டன் இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு இசைந்தது. நொறுக்கிய பிண்ணாக்கு உயிருள்ள பொருளன்று என்பது தரப்பட்ட விளக்கம். விதை உயிர், விதையின் பொடி பொருள். நாமக்கல் போன்ற கோழிப்பண்ணைப் பகுதிகளைக் கொண்ட மாநிலத்தில் இவ்வரையறை சிறு செய்தியன்று. ஆயினும் தமிழில் அதுபற்றிய விளக்கம் மிகக் குறைவே.

உண்போர் இவற்றை அறியும் வழி பொட்டலத்தின் முகப்பே. காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தைச் சார்ந்த மண்ணூரை எடுத்துக்கொள்ளலாம். ஏரிப்பாசனமும் நெல்லும் சார்ந்த வட்டாரம் அது. ஒருகாலத்தில் இவ்வூர்ப்பகுதிகள் அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் பெயரால் ‘செங்கல்பட்டுச் சிறுமணி’ என்றே ஒரு மரபு நெல் உண்டு. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும் இயங்கத் தொடங்கின. வயலுக்கும் உணவுக்கும் இடையிலிருந்த தொடர்பு இங்கு ஒரு தலைமுறைக்குள் மெலிந்தது. வெளிமாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி ஷிப்டு வேலை பார்க்கும் தொழிலாளிக்குத் தாம் உண்ணும் எண்ணெய் எவ்விதையிலிருந்து வந்தது என்று சொல்ல அண்டைவீட்டு உழவர் எவருமில்லை. அவருக்குப் பொட்டலம் சொல்வதே செய்தி.

அப்பொட்டலம் என்ன சொல்கிறது? 2013 ஜனவரி 1 முதல், மரபணு மாற்ற உணவு அடங்கிய பொட்டலத்தின் முகப்பில் மேற்புறத்தே ‘ஜி.எம்.’ எனக் குறித்தல் வேண்டும் என்பது எடையளவைச் சட்டத்தின் கீழான விதி. பொட்டல அறிவிப்புகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் கட்டாயம். பிற மொழி கூடுதலாக இருக்கலாம். ஆக, சட்டம் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டாலும் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு ஆங்கில எழுத்துகள். அவ்வெழுத்துகள் எதன் சுருக்கம் என்று அறிந்தவர்க்கே அவை எச்சரிக்கையோ உறுதிமொழியோ ஆகும். சொல்லைத் தேர்வதும் அரசியலே என்பதற்கு அமெரிக்கா சான்று: 2022 முதல் கட்டாயமாகிய அங்குள்ள விதி, மக்கள் அறிந்த ‘மரபணு மாற்றம்’ என்ற தொடரைத் தவிர்த்து, ‘உயிரிப்பொறியியல்’ என்னும் பொருள்தரும் சொல்லைப் பொட்டலத்துக்கு வகுத்தது. இரண்டும் ஒன்றே என்று அறியாதவர் பலர்.

திருத்தமா, மாற்றமா?

2022 மார்ச் 30 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட குறிப்பாணை, அயல் டி.என்.ஏ. எஞ்சாத இருவகைத் திருத்தப் பயிர்களை 1989ஆம் ஆண்டு விதிகளின் முதன்மைக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கியது. இந்நாளிலிருந்து மாற்றம் வேறு, திருத்தம் வேறு என்பது இந்தியச் சட்டநிலை. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலையில் இதற்கு நேர்மாறாக, திருத்தப் பயிரும் மரபணு மாற்றப் பயிரே என்று தீர்ப்பளித்திருந்தது.

2025 மே 4 அன்று நாட்டின் முதல் மரபணுத் திருத்த நெல்வகைகள் இரண்டு அறிவிக்கப்பட்டன. ஒன்று, ‘கமலா’ எனப்படும் டி.ஆர்.ஆர். தான் 100, மற்றொன்று பூசா டி.எஸ்.டி. ரைசு 1. முன்னது சம்பா மசூரியைத் திருத்தியது. கதிரில் மணிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் மரபணு அதில் செயலிழக்கச் செய்யப்பட்டுள்ளது. சம்பா மசூரி ஆந்திரத்துப் பாபட்லா நிலையத்தின் பி.பி.டி. 5204, தமிழ்நாட்டுக் கடைகளில் ‘பி.பி.டி.’ என்றே விற்கப்படுவது. அதன் மூதாதையருள் ஒன்றான ஜி.இ.பி. 24, 1921இல் கோவையில் வெளியிடப்பட்ட வகை. மற்றொன்றான மசூரி மலேசியாவிலிருந்து வந்தது. ‘சம்பா’ தமிழ்நிலத்தின் பட்டப்பெயர். ஆகவே கமலா நெல் தமிழ்நாட்டுக்கு முற்றிலும் அயலானதன்று. அதன் வழிமரபில் கோவைக்கும் பங்குண்டு. இதனை எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் ஒருசேர மறந்துவிடுகின்றனர்.

இத்தகைய நெல் கடைக்கு வரும்போது அதற்குத் தமிழில் என்ன பெயர்? இதழ்களில் ‘மரபணு திருத்தப்பட்ட’ என்றும், ‘மரபணு தொகுக்கப்பட்ட’ என்றும், ‘ஜீன் எடிட்டிங்’ என்றும் வழங்குகிறது. பழைய பழக்கத்தில் ‘மரபணு மாற்றப்பட்ட’ என்று எழுதுவாரும் உளர். ‘தொகுத்தல்’ மரபணுத்தொகுதி என்பதனோடு மயங்கும். ‘திருத்தம்’ அதைவிட நுண்ணிய இடர்ப்பாடு உடையது. தமிழில் பிழையைத்தான் திருத்துவர். விடைத்தாளும் மெய்ப்பும் திருத்தப்படுவன. சம்பா மசூரியில் என்ன பிழை இருந்தது? குறைந்த மணி என்பது உழவர் நோக்கிலோ ஆலை நோக்கிலோ குறையாகலாம். செடியின் நோக்கில் பிழையன்று. ‘மாற்றம்’ மரபு கெடுதல் என்னும் அச்சத்தை உள்ளடக்கியிருப்பது போலவே, ‘திருத்தம்’ இது நன்மையே என்னும் முடிவை உள்ளடக்கியிருக்கிறது. ஒருபாற் சாய்ந்த சொல்லுக்கு மறுபாற் சாய்ந்த சொல் மாற்றாகாது.

செயலை விட்டு மூலத்தைச் சுட்டும் சொற்கள் இங்குப் பயன்படலாம். வேற்றுயிரின் மரபணு இறுதி விதையில் இருப்பின் ‘அயல்மரபணுப் பயிர்’; தன் மரபணுவே ஆய்வுக்கூடத்தில் மாற்றப்பட்டிருப்பின் ‘தன்மரபணு மாற்றப் பயிர்’; மகரந்தச் சேர்க்கையால் வந்திருப்பின் ‘கலப்புப் பயிர்’. இவை புகழ்வனவும் அல்ல, பழிப்பனவும் அல்ல. உழவர் கேட்கும் முதற்கேள்வியாகிய ‘இதில் வேறெதுவும் சேர்ந்திருக்கிறதா’ என்பதற்கு இச்சொற்களே விடையாகின்றன. ஓர் இடர்ப்பாடும் உண்டு. திருத்தத்துக்குப் பயன்படும் காசு 9 நுண்ணுயிரிலிருந்து பெறப்படுவது. அது இடையில் நுழைந்து பின்னர் நீக்கப்படுகிறது. நீக்கம் முழுமையாக உறுதிசெய்யப்படாத விதையைத் ‘தன்மரபணு’ என்று அழைப்பது பொய்யாகும். எனவே இச்சொல்லை ஆளும் உரிமை சோதனைச் சான்றோடு பிணைக்கப்பட வேண்டும். கலைச்சொல் ஒன்றுக்குத் தமிழறிஞரும் ஆய்வுக்கூடத்தாரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டிய அரிய இடம் இது.

இவ்வேலைக்குக் காலக்கெடுவும் உண்டு. மரபணு மாற்றக் கடுகு டி.எம்.எச். 11 குறித்த வழக்கில் 2024 ஜூலை 23 அன்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சஞ்சய் கரோல் ஆகிய இருவரும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். எனினும் மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை வகுக்கப்பட வேண்டும், அதற்கு உழவர், அறிவியலார், மாநில அரசுகள் உள்ளிட்டோரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். 2010இன் 7 நகரங்கள் போலன்றி இம்முறை கேட்பு தமிழ்நாட்டிலும் நடைபெறக்கூடும். கொள்கை வரைவு முன்கூட்டியே தமிழில் வெளியிடப்படவும், அதில் மேற்கூறிய மூன்று செயல்களும் மூன்று வெவ்வேறு சொற்களால் சுட்டப்படவும் தமிழ்த்துறைகளும் வேளாண் பல்கலைக்கழகமும் இப்போதே ஒரு சொற்பட்டியலை ஆயத்தம் செய்து, சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககத்தின் ‘சொற்குவை’யில் சேர்க்க முன்வரலாம். பட்டியலில் முதலில் இடம்பெற வேண்டியது, பொட்டலத்தின் முகப்பில் அந்த இரண்டு எழுத்துகளுக்கு அருகே அச்சிடத்தக்க அளவுக்குச் சிறிய ஒரு தமிழ்ச்சொல்.